கோர்பியேர்: பிடுங்கச் சொல்லிக் காசு கொடுத்த கொடியின் ஒயின்

துலூஸ் நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் அடுக்கிலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு உண்டு. கண் உயரத்தில் போர்தோ. அதற்குப் பக்கத்தில் பர்கண்டி. முழங்கால் உயரத்துக்குக் குனிந்தால் ஐந்தாறு யூரோ விலையில் வரிசையாக கோர்பியேர் பாட்டில்கள். ஊரிலிருந்து வருகிற நண்பர்கள், "நல்ல பிரெஞ்சு ஒயினா ஒண்ணு வாங்கிக் குடுடா" என்று கேட்டால் நான் குனிந்து கீழே தேடுவேன். கஞ்சன் என்று நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். பத்துப் பதினைந்து யூரோ செலவு பண்ணத் தயாராக இருக்கிறவருக்கு, அந்தப் பணத்துக்கு இந்த நாட்டில் கிடைக்கும் சிவப்பு ஒயின்களில் இதைவிட நேர்மையான ஒன்றை நான் இன்னும் குடிக்கவில்லை.

கோர்பியேர் ஒரு மலைநாட்டின் பெயர். தென் பிரான்சின் ஓத் மாவட்டத்தில், வடக்கே கர்காசோன், கிழக்கே நார்போனும் மத்தியதரைக் கடலோர உப்பேரிகளும், தெற்கே பிரனீஸ் மலைகளின் அடிவாரம் என்று எல்லை போட்டுக்கொள்ளலாம். சுண்ணாம்புப் பாறை, களிப்பலகைப் பாறை, சிவந்த மணற்கல், இடையிடையே கூழாங்கல் மேடு என்று பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை மண் மாறிவிடும். பாறை உச்சிகளில் கேரிபூஸ், பேர்பெர்த்தூஸ் மாதிரியான கோட்டைகள் இடிந்து நிற்கின்றன. 1258-ல் பிரான்ஸ் மன்னரும் அரகோன் மன்னரும் ஒப்பந்தம் போட்ட பிறகு, 1659 வரை இதுதான் எல்லைப்புறம். அந்தப் பக்கம் ஸ்பெயின்காரர்கள், இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே வளரும் முக்கியமான திராட்சை ரகங்களில் பாதிக்கு மேல் மலை தாண்டி வந்தவை.

காற்றைச் சொல்லாமல் இந்த ஊரைச் சொல்ல முடியாது. வடமேற்கிலிருந்து 'சேர்ஸ்' என்று ஒரு காற்று அடிக்கும். காரிலிருந்து இறங்கக் கதவைத் திறந்தால் கதவைப் பிடுங்கிக்கொண்டு போகிற காற்று. பேரரசர் அகஸ்டஸ் இந்தக் காற்றுக்கே ஒரு கோயில் கட்டியதாகப் பழைய ரோமக் குறிப்பு ஒன்று சொல்கிறது. வீட்டுக் கூரையைப் பெயர்த்தாலும் மக்கள் அந்தக் காற்றைத் திட்டவில்லையாம், ஊரின் ஆரோக்கியத்துக்கு அதுதான் காரணம் என்று நம்பினார்களாம். திராட்சைக்காரருக்கு இது இன்றைக்கும் பொருந்தும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் சேர்ஸ் அடித்தால் இலை காய்ந்துவிடும், பூஞ்சை பிடிக்காது. கடலிலிருந்து வரும் 'மரான்' காற்று நேர் எதிர்: ஈரம், மூட்டம், பிசுபிசுப்பு. ஆனால் வறட்சிக் காலத்தில் கிழக்குப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அந்த ஈரம்தான் கொஞ்சம் ஆசுவாசம்.

கம்பம் பள்ளத்தாக்கில் தலைக்கு மேலே பந்தலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் திராட்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கோர்பியேரின் பழைய தோட்டங்கள் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு முறுக்கேறிய கட்டை, அதன் தலையில் நாலைந்து கிளை. அவ்வளவுதான். அடிக்கிற காற்றுக்கு அப்படிக் குட்டையாக நின்றால்தான் பிழைக்க முடியும்.

சரி, ஒயினுக்கு வருவோம். கோர்பியேர் என்ற பெயரைப் பாட்டிலில் ஒட்டும் சீட்டில் போட வேண்டுமானால் அது கலவையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரே ரகத்தில் செய்தால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பெயர் கிடையாது, வேறு வகுப்பில்தான் விற்க முடியும். பிரான்சின் ஏ.ஓ.சி. முறை, நம் ஊர்ப் புவிசார் குறியீட்டைவிட ரொம்பக் கறாரானது. எந்த ஊர் எல்லைக்குள், எந்த ரகம், எத்தனை சதவீதம், ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல் என்று எல்லாவற்றுக்கும் விதி எழுதியிருப்பார்கள்.

கலவையில் வருகிறவர்கள் கரினியான், கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர், கொஞ்சம் சின்ஸோ. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை பார்க்கும். கிரெனாஷ் வெயிலை வாங்கிச் சர்க்கரையாக மாற்றுவதில் கெட்டிக்காரன். அது கலந்தால் ஆல்கஹாலும் பழுத்த பழத்தின் இளஞ்சூடும் வரும், நிறம் மட்டும் சுமார்தான். சிரா அடர்த்தியான நிறமும், கருப்பு ஆலிவும் மிளகும் கலந்த வாசமும் கொடுக்கும். மூர்வேத்ர் தாமதமாகப் பழுக்கும், வெக்கையும் வேண்டும், ஈரமும் வேண்டும். தலையில் வெயிலும் காலடியில் தண்ணீரும் கேட்கிற கொடி என்று தென் பிரான்ஸ் முழுக்கச் சொல்வார்கள். அதனால் கடலைப் பார்த்த சரிவுகளில்தான் அது ஒழுங்காக வரும். கரினியான் கொடுப்பது புளிப்பு, துவர்ப்பு, நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு. தனியாக இளமையில் குடித்தால் சில சமயம் முகம் சுளிக்க வைக்கும்.

கலப்பதற்குச் சுவை மட்டும் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். விவசாயிக்கு இது காப்பீடு. கிரெனாஷ் பூக்கும் நேரத்தில் குளிர்ந்தால் பிஞ்சு நிற்காமல் உதிர்ந்துவிடும். சிராவின் இளந்தண்டு நீளமாக வளர்ந்து காற்றில் முறியும், கம்பி கட்டியே ஆக வேண்டும். கரினியான் தாமதமாகத் துளிர்க்கும் என்பதால் வசந்த காலப் பனியிலிருந்து தப்பும், ஆனால் சாம்பல் நோய் அதை முதலில் பிடிக்கும். ஒரே வருஷத்தில் எல்லாமே கைவிடுவது அபூர்வம். செப்டம்பரில் சிராவைப் பறித்து, மாத இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ கரினியானைப் பறித்து, தனித்தனியாக நொதிக்க வைத்து, குளிர்காலத்தில் உட்கார்ந்து சுவை பார்த்துப் பார்த்துக் கலப்பார்கள்.

இந்த ஊர் ஒயினின் குணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மண்ணையும் வெயிலையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. மண்ணும் வெயிலும் ரோமானியர் கி.மு. 118-ல் நார்போனில் குடியேறிய நாளிலிருந்து அப்படியேதான் இருக்கின்றன. குடிக்கிற ஒயின் அப்படி இல்லை. இந்தக் கலவையில் எந்தக் கொடி எவ்வளவு என்பதை முடிவு செய்தது ரயிலும், ஒரு பூச்சியும், அல்ஜீரியாவும், பாரிஸ் அரசாங்கமும், கடைசியாக ஐரோப்பாவின் மானியமும்தான். ஒவ்வொன்றும் ஒரு அடையாளத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

ரயில் 1850-களில் வந்தது. அதுவரை உள்ளூரிலும் கால்வாய் வழியாகவும் விற்ற ஒயின், ஒரே தாவலில் பாரிஸுக்கும் வடக்கத்திச் சுரங்க ஊர்களுக்கும் போக ஆரம்பித்தது. ஆலைத் தொழிலாளிக்கு நாளுக்கு ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று மலிவான சிவப்பு ஒயின் தேவைப்பட்டது. சமவெளி முழுக்க அரமோன் என்ற ரகத்தை நட்டார்கள். கொட்டோ கொட்டென்று காய்க்கும். நிறமும் இருக்காது, சத்தும் இருக்காது. அப்புறம் 1863 வாக்கில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலோக்சரா என்ற பேன் போன்ற பூச்சி தெற்கில் தலைகாட்டி, வேரைக் கடித்துத் தோட்டம் தோட்டமாகக் காய வைத்தது. 1868-ல் மோன்பெலியே பேராசிரியர் ஜூல் பிளான்ஷோனும் அவருடன் போனவர்களும் காய்ந்த கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்துப் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டியதுதான் கடைசியில் பலித்த வைத்தியம். ஆனால் ஒட்டுக் கட்டி மறுபடி நடச் செலவாகும். செலவை எடுக்க விளைச்சல் வேண்டும். மறுபடியும் அளவுதான் முன்னால் நின்றது.

விளைவு 1907. இந்தக் கதையைச் சொல்லாமல் யாராவது கோர்பியேரையும் சேர்த்த தென்பகுதியான லாங்தொக்கின் ஒயினைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

நூற்றாண்டின் தொடக்கத்தில் விலை தரை தட்டியது. போதாக்குறைக்கு, சர்க்கரையையும் தண்ணீரையும் வைத்து ஒயினைப் பெருக்கும் வியாபாரிகள். நார்போனுக்கு வடக்கே அர்ஜெலியே என்ற சின்ன ஊரில் மார்செலன் அல்பேர் என்பவர் காபிக்கடை வைத்துக்கொண்டு கொஞ்சம் திராட்சையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1907 மார்ச் 11-ஆம் தேதி அவரும் ஊர்க்காரர்களுமாக 87 பேர், விசாரணைக்கு வந்திருந்த நாடாளுமன்றக் குழுவிடம் முறையிட நார்போனுக்குக் கிளம்பினார்கள். 87 பேர். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் பெருகியது. மே மாதம் நார்போன், பெசியே, பெர்பிக்னான், கர்காசோன், ஜூனில் நீம். ஜூன் 9 அன்று மோன்பெலியேயில் கூடியவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். ஊராட்சித் தலைவர்கள் நூற்றுக்கணக்கில் பதவி விலகினார்கள்.

பிரதமர் கிளெமான்ஸோ ராணுவத்தை அனுப்பினார். நார்போன் மேயராக இருந்த மருத்துவர் ஃபெரூலை ஜூன் 19-ஆம் தேதி கைது செய்தார்கள். அன்றும் மறுநாளும் நார்போன் தெருக்களில் துப்பாக்கிச் சூடு, 6 பேர் செத்தார்கள். அந்தச் செய்தி கேட்டு, உள்ளூர்ப் பையன்களே நிறைந்த 17-ஆவது காலாட்படைப் பிரிவில் 500 பேர் போல ஆயுதக் கிடங்கை உடைத்து, ஆக்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக பெசியேக்கு நடந்து வந்து, மக்களோடு உட்கார்ந்துகொண்டார்கள். பின்னால் அவர்களைத் துனீசியாவின் கஃப்சாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அல்பேர் என்ன ஆனார்? ஒளிந்து ஒளிந்து பாரிஸ் போய் கிளெமான்ஸோவையே பார்த்தார். ஊருக்குத் திரும்பிப் போய் மக்களை அமைதிப்படுத்தச் சொன்ன கிளெமான்ஸோ, ரயில் செலவுக்கு என்று 100 பிராங்க் நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். வெகுளி மனுஷன் வாங்கிக்கொண்டார். கிளெமான்ஸோ அதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அத்தோடு ஊருக்குள் அவர் மரியாதை போயிற்று. அரசியலில் ஒரு ஆளைத் தீர்த்துக்கட்டக் குண்டு தேவையில்லை என்று கிளெமான்ஸோவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் ஜூன் 29-ஆம் தேதியே சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் எவ்வளவு அறுவடை என்று அறிவிக்க வேண்டும், தண்ணீர், சர்க்கரை கலப்படத்துக்குக் கடிவாளம். கூட்டுறவுச் சங்கங்களும் பெருகின. பெசியேக்குப் பக்கத்தில் மரோசான் கிராமத்தில் 1901-லேயே ஒன்று தொடங்கியிருந்தார்கள். பிரான்சின் முதல் ஒயின் கூட்டுறவு அதுதான் என்பார்கள். அடுத்த முப்பது வருஷத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெரும்பாலானவற்றில், ஊர் நுழைவிலேயே ரயில் நிலையம் அளவுக்குக் கூட்டுறவுக் கட்டடம் எழுந்தது. இன்றைக்கும் கோர்பியேரில் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால் தேவாலயத்துக்கு அடுத்து பெரிய கட்டடம் அதுவாகத்தான் இருக்கும்.

கூட்டுறவைக் குறை சொல்வது ஒயின் எழுத்தாளர்களின் பழக்கம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எடையையும் சர்க்கரை அளவையும் பார்த்துப் பணம் கொடுத்தார்கள், அதனால் நல்ல பழத்தைக் கொண்டுவருகிறவனுக்கும் நிறையப் பழத்தைக் கொண்டுவருகிறவனுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. இங்கே, அங்கே என்று துண்டு துண்டாக இரண்டு, மூன்று ஹெக்டேர் வைத்திருந்த குடும்பங்கள் நிலத்தை விற்காமல் தாக்குப்பிடித்தது கூட்டுறவால்தான். தாத்தா நட்ட சரிவுத் தோட்டத்தை, லாபம் இல்லாவிட்டாலும் வாரக் கடைசியில் போய்க் கவாத்து பண்ணிக்கொண்டு வைத்திருந்தார்கள். இன்றைக்கு நூறு வயதுக் கொடி என்று பெருமையாக விற்பதில் பல அப்படிப் பிழைத்தவைதான்.

அந்தக் கொடிகளில் பெரும்பாலானது கரினியான். ஸ்பெயினின் அரகோன் பகுதியில் கரினேனா என்று ஒரு ஊர் உண்டு, பெயர் அங்கிருந்து வந்தது. சாதாரணமாக விட்டால் ஹெக்டேருக்கு 200 ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் என்பது 100 லிட்டர்) வரை காய்த்துத் தள்ளும். நல்ல ஒயினுக்கு 40, 50 போதும் என்னும்போது இது எவ்வளவு என்று பாருங்கள். 1962 வரை பிரெஞ்சு வியாபாரிகள் வெளுத்த அரமோன் ஒயினில் அல்ஜீரியாவின் கறுத்த, கனத்த ஒயினைக் கலந்து ஒப்பேற்றினார்கள். அல்ஜீரியா விடுதலை பெற்றதும் அந்த வழி மெல்ல மெல்ல அடைபட்டது. நிறத்துக்கும் கனத்துக்கும் கரினியானை மேலும் மேலும் நட்டார்கள். பிரான்சிலேயே அதிகம் பயிரான ரகம் என்ற இடத்துக்கு அது வந்தது. பெயர் கெட்டதும் அப்போதுதான். கணக்கில்லாமல் காய்க்க விட்டுப் பிழிந்தால் எந்த ரகம்தான் நன்றாக இருக்கும்?

அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் மலிவு ஒயின் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். இத்தாலியிலிருந்து இறக்குமதி வேறு. 1976 மார்ச் 4 அன்று நார்போனை ஒட்டிய மோன்ரெதோன் கிராமத்தில் விவசாயிகளுக்கும் போலீசுக்கும் துப்பாக்கிச் சண்டை. ஒரு விவசாயியும் ஒரு போலீஸ் அதிகாரியும் இறந்துபோனார்கள். இந்த ஊர் ஒயினில் எப்போதும் அரசியல் வாடை வீசும் என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள்.

தீர்வு என்று வந்தவை இரண்டு. ஒன்று, 1985-ல் கோர்பியேருக்கு ஏ.ஓ.சி. அந்தஸ்து. அதோடு ரோன் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து சிரா, கூடவே கிரெனாஷ், மூர்வேத்ர் என்று 'தரம் உயர்த்தும் ரகங்கள்' நடச் சொன்னார்கள். இரண்டாவது, 1988-லிருந்து ஐரோப்பிய மானியம்: கொடியைப் பிடுங்கு, காசு வாங்கிக்கொள். பிடுங்கிய கொடிகளில் பெரும்பங்கு கரினியான்தான். அந்த ஆண்டு பிரான்சில் சுமார் 1,67,000 ஹெக்டேர் இருந்தது, 2000-ல் 96,000 அளவுக்கு இறங்கிவிட்டது. முதலிடம் மெர்லோ என்ற ரகத்துக்குப் போனது.

இந்த மானியத்தில் ஒரு வேடிக்கை. டிராக்டர் போகிற சமவெளித் தோட்டத்தில் காய்ப்பு நன்றாக இருந்தது, அதை வைத்துக்கொண்டார்கள். வயதாகி, காய்ப்புக் குறைந்து, மலைச்சரிவில் கையால் மட்டுமே வேலை பார்க்க முடிகிற தோட்டத்தைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கினார்கள். அதாவது, எது நல்ல கரினியானோ அதைத்தான் முதலில் பிடுங்கினார்கள். கொடி கிழடாகிவிட்டால் தானாகவே விளைச்சல் ஹெக்டேருக்கு 20, 25 என்று சுருங்கும். கொத்து சின்னதாகும், சாறு செறியும், முகம் சுளிக்க வைத்த கசப்பு உள்ளே அடங்கும். அந்தப் புளிப்பு மட்டும் போகாது. இந்த வெயில் நாட்டில் ஒயின் ஜாம் மாதிரி ஆகிவிடாமல் காப்பாற்றுவது அந்தப் புளிப்புதான்.

மீதிக் கரினியானைக் காப்பாற்றியதில் நார்போனில் பிறந்த ஒரு நுட்பத்துக்கும் பங்கு உண்டு. 1930-களில் மிஷேல் ஃபிளான்சி என்ற ஆய்வாளர் கரியமில வாயுவில் திராட்சையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பழத்தை நசுக்காமல், காம்போடு முழுக் கொத்தாகத் தொட்டியில் போட்டு, கரியமில வாயுவால் நிரப்பி மூடிவிட வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் பழத்துக்குள்ளேயே, ஈஸ்ட் உதவியில்லாமல், சர்க்கரையில் கொஞ்சம் ஆல்கஹாலாக மாறும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் பிழிந்து மிச்ச நொதித்தலை வழக்கம்போல் நடத்துவார்கள். தோலின் துவர்ப்பு அதிகம் இறங்காமல், நிறமும் பழ வாசமும் மட்டும் வரும். கரினியானுக்கென்றே செய்த மாதிரியான முறை. முழுக் கொத்து வேண்டும் என்பதால் இயந்திரத்தால் பறிக்க முடியாது, ஆள் வேண்டும், கூலி வேண்டும். கீழ் அடுக்கில் இருக்கும் மலிவு பாட்டிலுக்கும் பன்னிரண்டு யூரோ பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி அந்தக் கூலிதான்.

2005-ல்தான் காலம் திரும்பியது. கோர்பியேருக்கு நடுவே பூத்நாக் என்ற கிராமத்தைச் சுற்றிய கூழாங்கல் மேடுகளுக்குத் தனியாக 'கோர்பியேர்-பூத்நாக்' என்று ஏ.ஓ.சி. கொடுத்தார்கள். அதன் விதியில் கலவையில் 30 முதல் 50 சதவீதம் கரினியான் இருந்தாக வேண்டும் என்று எழுதினார்கள். பதினேழு வருஷத்துக்கு முன்னால் பிடுங்கச் சொன்ன அதே கொடி! 'தரம் உயர்த்த' வந்த சிராவின் நிலைமை இதற்குள் அவ்வளவு சுகமில்லை. 1990-களிலிருந்தே தெற்கில் பல தோட்டங்களில் ஒட்டுப்போட்ட இடம் வீங்கி வெடித்து, இலை சிவந்து, கொடி செத்துப்போகும் நோய் ஒன்று அதைத் துரத்துகிறது. சிராவை நான் மட்டம் தட்டவில்லை. பூத்நாக்கின் நல்ல பாட்டில்களில் அதன் வாசம் இல்லாவிட்டால் குறையாகத்தான் இருக்கும். யார் தலைவர், யார் துணை என்பது மட்டும் மாறியிருக்கிறது.

வாசம் என்றதும் ஞாபகம் வருகிறது. கோர்பியேர் பாட்டிலின் பின்சீட்டைத் திருப்பினால் 'கரீக்' என்ற சொல் தப்பாமல் இருக்கும். பாறை நிலத்தில் புதராக மண்டிக்கிடக்கும் தைம், ரோஸ்மேரி, காட்டு லாவெண்டர், முள் ஓக் எல்லாம் சேர்ந்ததுதான் கரீக். ஜூலை மதியத்தில் அதற்குள் நடந்தால் நாட்டு மருந்துக்கடைக்குள் புகுந்த மாதிரி ஒரு நெடி. அந்த நெடி காற்றில் பறந்து வந்து திராட்சையில் ஒட்டி ஒயினுக்குள் போகிறது என்று விற்பனைக்காரர்கள் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது, நான் பாதிதான் நம்புகிறேன். ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் மரத்துக்குப் பக்கத்து வரிசைகளில் பறித்த பழத்தில் அந்த எண்ணெயின் வாசம் ஏறுவதை அளந்து நிரூபித்திருக்கிறார்கள், ஆகவே நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் சிராவில் வரும் மிளகு வாசம் எந்தப் புதரிலிருந்தும் வந்ததில்லை. ரோட்டண்டோன் என்ற மூலக்கூறு பழத்தின் தோலிலேயே இருக்கிறது. நம் மிளகில் இருப்பதும் அதே மூலக்கூறு. 2008-ல்தான் இது வெளியே வந்தது. காய்ந்த மூலிகை மாதிரி மணப்பதில் எவ்வளவு காற்றோடு வந்தது, எவ்வளவு கொடிக்குள்ளேயே பிறந்தது என்று பிரித்துச் சொல்ல என் மூக்கால் ஆகாது. மணம் இருக்கிறது என்பது மட்டும் உண்மை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாலும் போர்தோவோடு இதைக் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

இப்போது இந்த மலைநாட்டின் நிலைமை மோசம். 2022-லிருந்து வறட்சி விடாமல் அடித்தது. 2024 கடைசியில் பிரெஞ்சு அரசு மறுபடியும் பிடுங்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது, ஹெக்டேருக்கு 4,000 யூரோ. ஓத் மாவட்டத்தில் நிறையப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விற்காத ஒயினைச் செய்துகொண்டு என்ன பண்ணுவது? அப்புறம் 2025 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, லாக்ராஸுக்குப் பக்கத்தில் ரிபோத் கிராமத்தில் பிடித்த தீ, சேர்ஸ் காற்றில் ஏறிக்கொண்டு மூன்று நாளில் சுமார் 16,000 ஹெக்டேரைத் தின்றது. ஒரு உயிரும் போனது. பல பத்தாண்டுகளில் பிரான்ஸ் பார்க்காத அளவு தீ. நார்போனிலிருந்து பெர்பிக்னானுக்குப் போகும் நெடுஞ்சாலையையே மூடினார்கள். தீ அணைந்ததும் ஊர்க்காரர்கள் சொன்ன முதல் விஷயம்: திராட்சைத் தோட்டம் இருந்த இடத்தில் நெருப்பு தயங்கி நின்றது, கொடியைப் பிடுங்கிப் புதர் மண்ட விட்ட இடத்தில் ஓடியது. கவாத்து பண்ணி, உழுது, வரிசைக்கு வரிசை வெறும் மண் விட்ட தோட்டம் நெருப்புக்கு நடுவே ஒரு தடுப்புச்சுவர். கொடியைப் பிடுங்கக் கொடுத்த 4,000 யூரோவில் இந்தக் கணக்கை யாரும் சேர்க்கவில்லை.

வாங்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சீட்டில் 'வியேய் வீன்' என்று போட்டிருந்தால், பழைய கொடி என்று பொருள், ஆனால் எத்தனை வயது என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. அதைவிடப் பின்சீட்டில் ரகங்களின் சதவீதத்தைப் பாருங்கள். கரினியான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் தைரியமாக எடுங்கள். தங்கப் பதக்க ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். ஓக் பீப்பாய் பற்றி ரொம்பப் பெருமை அடித்திருந்தால் நான் திருப்பி வைத்துவிடுவேன். வனிலா வாசம் வேண்டுமென்றால் ஐஸ்கிரீம் வாங்கலாமே.

குடிக்கும்போது அறைச் சூட்டில் என்று யாராவது சொன்னால், அது பழைய கல்வீட்டின் அறை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கோடையில் துலூஸிலும் சரி, சென்னையில் எந்த மாதத்திலும் சரி, 16, 17 டிகிரிக்கு வரும்வரை ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். சூடாகக் குடித்தால் பதினாலு சதவீத ஆல்கஹால் மட்டும்தான் தெரியும். இங்கே இதைத் திராட்சைச் சுள்ளியில் சுட்ட ஆட்டுக்கறியோடும், காட்டுப்பன்றிக் குழம்போடும், கர்காசோன் பக்கத்து வெள்ளை பீன்ஸ், வாத்து, தொத்திறைச்சி எல்லாம் போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கும் காசூலேயோடும் குடிப்பார்கள். நம் சாப்பாட்டோடு சேருமா என்று கேட்டால், மிளகாய்க் காரத்தோடு சேராது. ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தை இரண்டு மடங்காக்கிவிடும், பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத்தான் தேட வேண்டும். மிளகு தூக்கலாகப் போட்டு, மிளகாயைக் குறைத்துச் செய்த மட்டன் சுக்காவோடு பிரமாதமாகப் போகும். கருவேப்பிலையைக் கடைசியில் நல்லெண்ணெயில் பொரித்துப் போடுங்கள். பாட்டிலை ஒரு மணி நேரம் முன்னாடியே திறந்து வைத்துவிடுங்கள்.